மங்கலில் நின்ற கோடு

மூக்குக்கண்ணாடி இல்லாமல் திரும்பியபோது கதவோரம் ஒரு கறுப்புக் கோடு நின்றது. ஆள் உயரம். கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தாள். வெறும் கதவு.

அந்த ஜன்னலில்லாத அறையில், எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கிட்டே இரும்பு ஆகாது என்பது மேலாளரின் கண்டிப்பு. அதனால் இரும்பு ஃபிரேம் போட்ட கண்ணாடியை மேசைக் கோடியில் கழற்றி வைத்துவிட்டு, கிட்டப்பார்வைக்காரியான அவள் திரையோடு ஒட்டிக்கொண்டு, பம்புகளின் முனகலையும் சூடான வயரின் வாடையையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்வாள். திரையில் தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய கம்பி. அதன் ஒரு பாதியின் காந்தம் இடப்பக்கம் பார்க்கும், மறுபாதி வலப்பக்கம். இரண்டும் முட்டும் இடம்தான் காந்தச் சுவர். குவியத்தைச் சற்றுக் கலைத்தால் அது கறுப்புக் கோடாகத் தெரியும். சரியாகக் குவித்தால் மறையும். தூசி என்றால் மறையாது. மறைவதுதான் நிஜச் சுவர். மறைந்தபோதும் அது அங்கேயேதான் இருக்கும்.

திரையில் சுவர் தானாக நகர்ந்தது. பக்கத்தில் ஏதாவது காந்தம் வந்தால்தான் அப்படி நகரும்.

போனை எடுத்தாள். "சார், உள்ள யாராவது வந்தாங்களா?"

"உன் மூஞ்சியப் பாக்க யாரு வருவா?" என்றார் மேலாளர்.

"கதவைத் திறங்க சார். ப்ளீஸ்."

"கதவு ஆடினா படம் ஆடுதுன்னு மூக்கால அழுதது நீதானே? பூட்டிட்டேன். படத்தோட கூப்பிடு."

போன் அடங்கியது.

திரையில் சுவர் இன்னொரு துள்ளு துள்ளியது. கண்ணாடியைக் கழற்றினாள். கோடு கதவோரம் இல்லை. நைட்ரஜன் சிலிண்டர் அருகே நின்றது. மாட்டினாள். யாருமில்லை. கழற்றினாள். காலி நாற்காலியின் பின்னால்.

மாட்டினாள். இனி கழற்றவே கூடாது.

அறைச் சுவரோடு முதுகை ஒட்டவைத்து நின்றாள். ஒவ்வொரு பொருளும் துல்லியமாகத் தெரிந்தது. நாற்காலி. மேசை. கதவு. துல்லியம் அவளுக்கு இப்போது உதவாது. எதுவும் தெரியவில்லை என்பதால் எதிரே எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

நாற்காலி ஓரமாக விலகியது.

மூச்சை அடக்கினாள்.

ஆனாலும் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. வெளிப்பக்கத்தில்.

அறை மங்கியது. அந்த மங்கலில், மூக்கு இடிக்கும் தூரத்தில், இடப்பக்கம் பார்க்கும் அரை முகம். வலப்பக்கம் பார்க்கும் அரை முகம். நடுவே கறுப்புக் கோடு.

இரண்டு பாதியும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.