எந்த முனையில் நூல்?

"இதுல தலை எது, வால் எது?"

மருந்து நீரில் மிதந்த சிறுகுடல் துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள் திசு ஆய்வு மருத்துவர். எதிரே, மழையில் ஓடிவந்த அறுவை மருத்துவன்... முடியிலிருந்து நீர் சொட்டிற்று.

"உடம்பு இளைக்கிற ஆபரேஷன்ல எடுத்ததுங்க. நல்ல குடல். சும்மா ஒரு பேச்சுக்கு அனுப்பறது..."

"நல்லதா கெட்டதான்னு சொல்லத்தான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க. மேல் முனையில நூல் கட்டலையே, நான் என்ன ஜோசியமா பாக்கறது?"

சரக்கைக் குறை சொன்னால் வியாபாரி சிரிப்பான்; மருத்துவனுக்கு மூக்கு சிவக்கும். வெடுக்கென ஒரு முனையில் நூலைக் கட்டிவிட்டுப் போனான். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... மழைமேகம் மாதிரிக் கண்கள். 'சே, வேலையைப் பாருடி!'

மூன்றாம் நாள், மைக்ராஸ்கோப்பில் இளஞ்சிவப்புக் கடற்பாசி போல் அலையாடியது அந்தக் குடல். நடுவே, கடுகளவு ஒரு கட்டி.

போன் செய்தாள். மூச்சிரைக்க வந்தான்.

"டாக்டர்... அந்தப் பேஷன்ட் எங்க அக்கா."

அவளுக்குத் திக்கென்றது. இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எதிரே உட்காரவைத்தாள்.

"ரெண்டு முனையோட ஸ்லைடும் இப்பத்தான் வந்துச்சு. நானும் இன்னும் பாக்கல. ஒண்ணுல கட்டி மிச்சம் இருந்தாலும் அக்காவுக்கு இன்னொரு ஆபரேஷன். எந்தப் பக்கம்னு அந்த நூல்தான் சொல்லும். உண்மையச் சொல்லுங்க... தெரிஞ்சுதான் கட்டினீங்களா?"

'ஆமா' என்று ஒரு வார்த்தை. மானம் தப்பிவிடும்.

"குத்துமதிப்புதான்..." தலையைக் குனிந்துகொண்டான். "உங்க முன்னாடி தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

திட்ட வேண்டும். ஆனால் பொய்யைக் காப்பாற்றத் தெரியாத அந்த முகத்தை... எப்படித் திட்டுவது?

முதல் முனை. மெல்ல நகர்த்தினாள். சுத்தம்.

இரண்டாவது. ஜன்னலில் மழை. இரண்டு பேரும் மூச்சை மறந்தார்கள்...

"சுத்தம்! கட்டி முழுசா வந்துடுச்சு. அக்கா இனி அப்பப்ப செக்கப் பண்ணிக்கிட்டா போதும்."

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. ஆனாலும் எழவில்லை, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"ரிப்போர்ட் ஆச்சான்னு இந்த மூணு நாள்ல நாலு தடவை வந்தேன்ல? ரெண்டு தடவை அக்காவுக்காக."

"மிச்சம் ரெண்டு?"

"உங்களைப் பாக்க... கதவு வரைக்கும் வந்தா, கேக்க வந்ததே மறந்துபோகுது. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் லென்ஸுக்குள் இன்னும் குனிந்தாள். ஆனால் அவன் பார்வைக்குள் இருந்த இளஞ்சிவப்புத் தோட்டம் முழுவதும் நடுங்கியது... ஸ்லைடு அவள் விரலில் அல்லவா இருந்தது!

"டாக்டர், அங்க நிலநடுக்கமா?"

"பாக்காதீங்க!" என்று சிணுங்கினாள். பிறகு, லென்ஸிலிருந்து முகத்தை எடுக்காமலே, மழையைவிட மெதுவாக... "எனக்கும்தான்."