முட்டுக் கல்

கயிற்றுக் கட்டில் சத்தம் போடவில்லை. அதுதான் முதலில். முனிராஜ் உட்கார்ந்தால் கிறீச்சென்று தெருவுக்கே சொல்லும் கட்டில், அன்று சாயங்காலம் அவன் உட்கார்ந்தபோதும், காலைத் தூக்கிப் போட்டு மல்லாந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அடுப்பங்கரையில் அம்மா களி கிண்டும் சத்தம் கேட்டது, புளியமரத்தில் காக்கைகள் அடங்கும் சத்தம் கேட்டது, பாலக்கோடு பஸ் கிளப்பிய புழுதி வாசல்வரை வந்து மூக்கில் ஏறியது. கட்டிலிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தான். கயிறு தொய்யக்கூட இல்லை.

அவனுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அப்படிப்பட்ட ஆள்தான் அவன்.

எண்பத்தாறாம் வருஷம் அது. மாரண்டஹள்ளியில் கிளம்பி, மலை வழியாகவே மூன்று நாள் ஓடி, ஒகேனக்கல்லில் முடிக்கும் பந்தயம் ஒன்றைப் பெங்களூரில் ஒரு கிளப் அறிவித்திருந்தது. படுக்கை, கூடாரம், சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். முதலில் வருகிற ஒருவனை மட்டும் கிளப்பே பெங்களூருக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கும். அப்பாவின் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டியே செத்துப்போவோம் என்று நினைத்துக்கொண்டிருந்த முனிராஜுக்கு, வெளியே போக இருந்த வழி அது ஒன்றுதான்.

குறுக்கே நின்றவன் காசிம். பாப்பாரப்பட்டியில் குடை ரிப்பேர் கடை, கூடவே தையல். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து ஓடுகிறவர்கள். இரண்டு பேரில் அவன்தான் வேகம். பந்தயத்துக்கான யோசனை முழுக்க அவனுடையதுதான். குடைத்துணியில் ஆளுக்கொரு கூடாரம், மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். முளைக்குச்சிக்குப் பதில் குடைக்கம்பி. போர்வையைப் பாதியாக வெட்டினார்கள், கரண்டிக் காம்பை ஒடித்தார்கள். சமையலே கிடையாது, அவலும் வெல்லமும் போதும்.

"பிரஷ்ஷு எதுக்குடா? மூணு நாளைக்கு வேப்பங்குச்சி பத்தாதா?" என்பான் காசிம். "காட்டுக்குள்ள நம்ம வெயிட்ட நாமதான் தூக்கணும்."

போன வாரம் ஒத்திகைக்காக இருவரும் கணவாய் ஏறினார்கள். அந்தக் கணவாயில் ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே ஆளுக்கொரு கல் எடுத்து, உச்சியில் இருக்கும் குவியலில் அவரவர் கையாலேயே வைக்க வேண்டும். தேங்காய் அளவாவது இருக்க வேண்டும். எடுத்தவனின் கனம் கல்லில் இறங்கிவிடும், அவன் கையாலேயே வைத்தால்தான் அது அவனிடம் திரும்பும் என்பார்கள். மாடு மேய்ப்பவர்களும் சரி, புளி மூட்டையோடு போகும் பாய்மார்களும் சரி, இதை விடுவதில்லை.

முனிராஜும் ஒன்று எடுத்தான், சிவப்பு ரேகை ஓடிய கருங்கல். முதல் வளைவில் காசிம் பையை இறக்கிவைத்துவிட்டு ஒதுங்கப் போனபோது, அதை அவன் பையில், பாதிப் போர்வைக்கு அடியில் செருகினான். எடை குறைக்கத்தானே ஒத்திகை? இந்தத் துரையும் ஒருநாள் மூச்சு வாங்கட்டுமே. உச்சியில் காசிம் தன் கல்லை வைத்துவிட்டு, "உன்னுது எங்கடா?" என்றான்.

"உனக்கு முன்னாடியே வெச்சிட்டேன்."

இறங்கி வந்த அன்றே காசிம் படுத்துவிட்டான்.

இங்கே முனிராஜ் பறந்தான். மேட்டில் ஓடினாலும் மூச்சு வாங்கவில்லை. உழுத வயலில் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கால் பதிந்த தடமே இல்லை. தினமும் துரத்தும் தெருநாய் அவனைப் பார்த்து வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது. தக்காளி மண்டியில் விளையாட்டாகத் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தான். எதிர்த்தட்டில் ஒரு கூடைதான் இருந்தது. அவன் உட்கார்ந்த தட்டு மேலே போனது. எடை போடுகிற பச்சியப்பன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்க," என்றார். "எறங்கி வூட்டுக்குப் போங்க."

கூடாரம் வாங்கப் பாப்பாரப்பட்டிக்குப் போனான். கதவைத் திறந்த காசிமின் மனைவி குல்ஷன் தூங்கிப் பல நாள் ஆனவளாகத் தெரிந்தாள்.

"வாங்கண்ணா. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்கன்றாரு. டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு."

உள்ளே மெஷின் எண்ணெய் வாடையும் தைல வாடையும் வியர்வையும் கலந்து கிடந்தன. கட்டிலின் கால்கள் சிமென்ட் தரையை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தன. கட்டில் முனகியது, காசிம் மூச்சு விட்டபோதெல்லாம். சுவரில் அவன் பை தொங்கியது, பிரிக்காமலே. ஆணி வளைந்திருந்தது.

"படுத்துக்கிட்டே தெச்சிட்டேன்டா," காசிம் குடைத்துணிக் கூடாரத்தை நீட்டினான். கை பாதியிலேயே விழுந்தது. "ஒரு சொட்டு எறங்காது. நீயாவது ஜெயி."

பை எட்டும் தூரம்தான். கையை விட்டால் கல். ஓடிப்போய்க் குவியலில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் தன் கனமும் தன்னிடமே திரும்பிவிடும், பந்தயத்துக்கு முன்பே. முனிராஜ் கையைத் தூக்கினான். இறக்கினான்.

"முடிச்சிட்டு வந்து பாக்கறேன்," என்றான்.

பந்தயம் மூன்று நாள்தானே. தாங்குவான்.

தாங்கவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் அடக்கம். போகாவிட்டால் ஊர் பேசுமே என்று முனிராஜ் போனான். வழியில் காற்று அடித்தது. வேலியைப் பிடித்துக்கொண்டான். முள் கையில் ஏறியது. விடவில்லை. விட முடியவில்லை.

உடலைக் கிடத்திய சந்தூக்கை நான்கு பேர் தூக்கப் பார்த்தார்கள். பிறகு எட்டுப் பேர். பிறகு தெருவே வந்தது. பலகை நெரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நீங்களும் கை குடுங்கண்ணா," என்றான் காசிமின் தம்பி நூர் பாஷா.

முனிராஜ் கட்டையைப் பிடித்தான். குதிகால் மண்ணைத் தொட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு. அழுகை வந்தது. நண்பனுக்காக அழுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கபர்ஸ்தானில் ஈர மண் வாடை. உடம்பைக் குழியில் இறக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். நூர் பாஷா தோளிலிருந்த துணிப்பையைத் திறந்தான்.

"முதுகுக்கு முட்டுக் குடுக்கணும். அண்ணன் பையில இந்தக் கல்லு கெடந்துச்சு. கடைசி வரைக்கும் அந்தப் பையவே பாத்துட்டிருந்தாரு. இதையே வெப்போம்."

கருங்கல். சிவப்பு ரேகை.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் வைத்தாய் என்று கேட்பார்கள். பக்கத்தில் கிடந்த காலிச் சந்தூக்கின் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

கல் காசிமின் முதுகில் பதிந்து உட்கார்ந்தது. பலகை அடுக்கினார்கள். முதல் பிடி மண் விழுந்தது.

முனிராஜின் குதிகால் எழும்பியது.

இரண்டாவது பிடி. கட்டைவிரல் மட்டும் தரையில்.

மூன்றாவது.

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. காலியான சந்தூக்கின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதன் ஒரு முனையும் மெல்லத் தரையை விட்டது. மேலே பார்த்தான். மரமில்லை, கிளையில்லை. சுத்தமான நீலம். அதற்கு முடிவே இல்லை.

நூர் பாஷா அருகில் வந்தான். கண்ணில் நீர். முனிராஜின் காலைப் பார்க்கவில்லை, கையை மட்டும்தான் பார்த்தான்.

"போதும்ணா. எல்லாம் முடிஞ்சிருச்சு. கைய விடுங்க."

முனிராஜ் பிடியை இன்னும் இறுக்கினான்.

பரிவோடு, ஒரு குழந்தையின் கையைப் பிரிப்பதுபோல, நூர் பாஷா அவன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்கத் தொடங்கினான்.