நாய்க்கூண்டின் எடை

எடை மேடையின் சிவப்பு எண்கள் இருபத்தேழில் வந்து நின்றன.

வெல்டா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாய் பதினாலு கிலோ. கூண்டு ஒன்பது. இரண்டையும் இதே மேடையில் தனித்தனியாக நிறுத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கூண்டை மேடைமேல் வைத்து, கதவைத் திறந்து, காங்கியை உள்ளே நடக்கவிட்டதும் நாலு கிலோ எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது.

"மெஷின் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"போன வாரம்தான் வந்து சரிபார்த்தாங்க, மிஸஸ் கிட்டன்ஸ்." டாக்டர் கீட்டிங் மேடையின் ஓரத்தைக் காலால் தட்டினார். எண்கள் நடுங்கி, மறுபடி இருபத்தேழிலேயே உட்கார்ந்தன. "என்ன காங்கி, வெளிய ஒரு எடை, உள்ள ஒரு எடையா?"

நாய் வாலாட்டவில்லை. கூண்டின் இடப்பக்கச் சுவரோடு விலாவை ஒட்டி, கால்களை உடம்புக்கடியில் இழுத்துக்கொண்டு படுத்திருந்தது. வலப்பக்கம் இன்னொரு நாய் படுக்கும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது.

வெல்டாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஐந்து மாதமாக இந்த ஒரு நாயை, தான் பிறந்த பார்படோஸுக்குக் கொண்டுபோவதற்காக நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். கழுத்துத் தோலுக்கடியில் சிப் வைத்தார்கள்; அதன் எண்ணில் ஒரு எட்டை மூன்றாக எழுதிவிட்டு எல்லாத் தாளையும் திரும்ப வாங்கச் சொன்னார்கள். தீவின் கால்நடை அலுவலகம் அனுமதிச் சீட்டை அனுப்பியது. அதைக் கேட்டு அவள் எழுதிய நாலாவது கடிதத்துக்குப் பிறகு. தடுப்பூசிக்கு ஒரு தேதி, உண்ணி மருந்துக்கு ஒரு தேதி, நாடாப்புழு மாத்திரைக்கு ஒரு தேதி. எதுவும் ஒரு நாள் முந்தக்கூடாது, ஒரு நாள் பிந்தக்கூடாது. வீட்டை விற்றாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுக்கவேண்டும். அன்று காலையே விமானம். அதைத் தவறவிட்டால் நாயின் உடல்நலச் சான்றிதழ் செல்லாது, அனுமதியும் செல்லாது.

"இருபத்து மூணுன்னு எழுதிக் கொடுங்க டாக்டர். பதினாலும் ஒன்பதும் இருபத்து மூணு. ரெண்டாங்கிளாஸ் கணக்கு."

"சரக்குப் பிரிவுல நாயை உள்ள விட்டு நிறுத்த எடைதான் கேக்கறாங்க. புதன்கிழமை வாங்க. இன்னொரு தடவை நிறுத்துப் பாப்போம்."

வீட்டுக்கு வந்ததும் கூண்டை முன்னறையில் வைத்தாள். சோபாவும் மேசையும் போய்விட்ட அறையில் வேறு எதுவும் இல்லை. நாய் கூண்டுக்குப் பழகவேண்டும், சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வைத்தாள். காங்கி கூண்டின் வாசல்வரை போய் நின்றது. திரும்பிப் பார்த்தது. அவளை அல்ல. அவளுக்கும் சற்றுத் தள்ளி, ஆளுயரத்துக்கு. பிறகு உள்ளே போய் இடப்பக்கமாக ஒடுங்கியது. ஒரு நொடி கழித்து பிளாஸ்டிக் தரை, வயதானவர் நாற்காலியில் தன்னை இறக்கிக்கொள்ளும்போது எழும் அந்த நீண்ட, பொறுமையான முனகலோடு அழுந்தியது.

சமையலறையில் நின்றபடியே வெல்டா அதைக் கேட்டாள். குழாயை மூடினாள். ஹீட்டர் குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தமும், தெருக்கோடியில் பேருந்து திரும்பும் சத்தமும், அவற்றுக்கு நடுவே நாயின் மூச்சும் கேட்டன. நாயின் மூச்சு சிறியது, விரைவானது. அதன்மேல் இன்னொன்று, அகலமாக, அவசரமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

ஹீட்டர்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் கணவன் செல்வின் மார்ச்சில் இறந்துபோயிருந்தான். இங்கிலாந்தின் ரெடிங் நகரப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் ஓட்டுநர். அடித்தான் என்றோ குடித்தான் என்றோ யாரும் சொல்லமுடியாது. கூட வருவான், அவ்வளவுதான். அவள் கடைக்குக் கிளம்பினால் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவள் வேலை முடியும் நேரத்துக்கு வாயிலில் காத்திருப்பான். தேவாலயப் பெண்களின் தேநீருக்குப் போனால் கடைசி நாற்காலியில் ஒரே ஆண்பிள்ளையாக உட்கார்ந்திருப்பான். "அவர் எவ்வளவு அன்பு!" என்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். நாயை மட்டும்தான் அவனைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் நிறத்தைப் பார்த்து, நவம்பர் மாதம் ஊரில் வாழையிலையில் அவிக்கும் பூசணிப் பலகாரத்தின் பெயரை வைத்தாள். அவன் அறைக்குள் வந்தால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசி வாரத்தில், ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "என்னை ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றான். சரி என்றாள். பிறகு ரெடிங்கிலேயே புதைத்தாள். தாள் வேலை அதிகம் என்று தங்கையிடம் சொன்னாள். உண்மையில், அவன் இறந்த அன்று கட்டிலில் குறுக்காகப் படுத்து, கைகால் இரண்டையும் விரித்து, பத்து மணி நேரம் தூங்கியிருந்தாள். அந்தத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

புதன்கிழமை எடை முப்பத்து நாலு.

கூண்டு மட்டும் ஒன்பது. நாய் மட்டும், பாவம், பதின்மூன்றரை. சாப்பாடு சரியாக இறங்கவில்லை. டாக்டர் கீட்டிங் இந்தமுறை தமாஷ் செய்யவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு வலப்பக்கம் துழாவினார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள கொஞ்சம் சூடா இருக்கு." கையைக் கோட்டில் துடைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "பே ரம் எதுவும் தடவுனீங்களா கூண்டுல? என் தாத்தா முடிவெட்டிக்கப் போற கடையில இந்த வாசனைதான் வரும்."

வெல்டா கூண்டின் கதவை இழுத்துச் சாத்தினாள். செல்வின் தினமும் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்ட பே ரம் தைலத்தின் கடைசிப் புட்டியை ஏப்ரலிலேயே குப்பையில் போட்டிருந்தாள்.

அன்று பிற்பகல், நாய்க்கு விமானத்தில் இடம் பதிந்த ஏஜென்டுக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

"முப்பத்து ரெண்டுக்கு மேல போனா வேற வகை மேடம். பதிவை மாத்தணும்."

"மாத்துங்களேன்."

"வெள்ளிக்கிழமை அந்த வகையில இடமில்ல. அடுத்தது பதினெட்டு நாள் கழிச்சு."

"அதுக்குள்ள சான்றிதழ் செத்துப்போகும்மா!"

"புது சான்றிதழ் வாங்கிக்கலாம் மேடம்."

"புது வீடும் வாங்கிக்கவா? வெள்ளிக்கிழமை எனக்கு வீடே கிடையாது. நாயே பதினாலு கிலோதான்னு சொல்றேன், காதுல விழுதா?"

"அப்போ மீதி என்னத்த உள்ள வெச்சிருக்கீங்க மேடம்?"

போனை வைத்துவிட்டாள். உடனே அது மணியடித்தது. செயிண்ட் பிலிப்பிலிருந்து தங்கை அயோன். பின்னால் கோழிகளும், யாரோ ஓடு மாற்றும் சுத்தியல் சத்தமும். வெல்டா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சுத்தியலை நிறுத்தச் சொல்லி அயோன் பின்பக்கம் கத்தினாள்.

"அக்கா, மாமாவை அடக்கம் பண்ணிட்டு வந்தப்ப, வாசப்படியில பின்பக்கமா நடந்து உள்ள போனியா?"

"பனி கொட்டுது. ஓடி வந்து அடுப்புகிட்ட நின்னா போதும்னு இருந்துச்சு. இதுல பின்பக்கமா நடக்கணுமாம்!"

"ஆவி உள்ள வராம இருக்கத்தானே அது. அப்ப மாமாவோட டப்பியும் உன் பின்னாலயே நேரா நடந்து வந்திருக்கும். செத்தவன் ஆவிக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரே பொம்பள நீதான்." அயோன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா... யாரு உன் பக்கத்துல மூச்சு விடறது?"

"ஹீட்டர்" என்றாள் வெல்டா.

வியாழக்கிழமை, டிசம்பர் மாத வழக்கப்படி, மூன்றரைக்கே வெளிச்சம் போய்விட்டது. ஜன்னல்களில் திரையும் இல்லை. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் வெறும் தரையில் நீளமாக விழுந்து, கூண்டின் கம்பிக்கதவைச் சுவர்மேல் பெரிதாக்கிக் காட்டியது. குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து, மேலே அலமாரிப் பலகை ஒன்றைப் போட்டு, மெஷினைப் பூஜ்யமாக்கி, அதன்மேல் கூண்டை வைத்தாள். ஒன்பது. காங்கியைக் கூப்பிட்டாள். நாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, வாசலில் ஒதுங்கி நின்றது. யாருக்கோ முதலில் வழிவிட்டது. பிறகு உள்ளே நுழைந்தது.

ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. பலகை வளைந்தது. அறுபத்தாறு.

கூண்டின் வலப்பக்கச் சுவர் வெளிப்பக்கமாக மெல்ல, தோள் வைத்து அழுத்தினாற்போல, புடைத்து வந்தது. நாய் சத்தமில்லாமல் நடுங்கியது. பே ரம் வாசனை தொண்டைவரை இறங்கியது.

வெல்டா ஒரு அடி பின்வாங்கினாள். ஆனால் ஐந்து மாதத் தாள்களும், தேதிகளும், அந்தப் பெண்ணின் மேடம் மேடமும், முப்பத்தெட்டு வருடம் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற மனிதனும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அடைத்ததில், பயத்தை முந்திக்கொண்டு கோபம் வெளியே வந்துவிட்டது. தரையில் மண்டியிட்டாள். கம்பிக்கதவுக்கு முகத்தைக் கொடுத்தாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? ஒரு நாயோட இடத்துல உக்காந்திருக்க! அது திரும்பிப் படுக்கக்கூட வழியில்லாம செவுத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. இது உன் இடமில்ல செல்வின். எறங்கு. எறங்குன்னு சொல்றேன்!"

மூச்சு நின்றது. நாயுடையது அல்ல.

எண்கள் இறங்கின. ஐம்பது. நாற்பது. முப்பது. இருபத்திரண்டரை.

காங்கி எழுந்து நின்றது. ஒருமுறை முழுதாகச் சுற்றியது. கூண்டின் நடுவில், வயிற்றைத் தரையில் பரப்பி, நாலு காலையும் நீட்டிப் படுத்து, பெருமூச்சு விட்டது. வெல்டா அங்கேயே தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வெகுநேரம் குலுங்கினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அயோனின் மகள், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஷெர்னெல், கார் கொண்டுவந்தாள். வழிநெடுக வெல்டா பின்சீட்டில், கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி வழியாக விரலை விட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் தொப்பி போட்ட ஒருவர் கூண்டை மேடையில் ஏற்றினார். இருபத்திரண்டு புள்ளி ஆறு. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். சிப்பைப் படித்தார். எண் பொருந்தியது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. அந்தப் பக்கம் பாப்பீங்க உங்க புள்ளைய."

ஐந்து மாதத்தில் அவள் காதில் விழுந்த முதல் 'சரி'. காங்கி உருளைகள்மேல் நகர்ந்து திரைக்குப் பின்னால் போனது. வால் ஆடிக்கொண்டிருந்தது. வெல்டா காருக்குத் திரும்பி வந்து, பழக்கத்தில் பின்சீட்டிலேயே ஏறிக்கொண்டாள். முதுகு லேசாக இருந்தது.

"முன்னாடி வாங்களேன் பெரிம்மா. என்னை டாக்ஸிக்காரி ஆக்கிட்டீங்க."

"அஞ்சு நிமிஷ ரோடுதானே. ஓட்டுடி."

கார் வளைவில் திரும்பியது. இன்னும் இருட்டு. ஈரச் சாலை. வைப்பர் ஒருமுறை போய்வந்தது.

டிங். டிங். டிங்.

"என்னது இது?" ஷெர்னெல் டாஷ்போர்டைப் பார்த்தாள். "முன்சீட்டு பெல்ட்டாம். பைய வெச்சீங்களா பெரிம்மா?"

"இல்ல."

முன்சீட்டில் ஒன்றுமில்லை. வெல்டா இருந்த இடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. டிங். டிங். துணி உறை நடுவில் குழிந்திருந்தது.

"புது கார்னு பேரு. ஒரு வாரமா ஒண்ணு மாத்தி ஒண்ணு." ஷெர்னெல் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி ரவுண்டானாவில் இறங்கினாள். ஒரு லாரி பெரும் இரைச்சலோடு கடந்தது.

பெல்ட் அசைந்தது.

கதவோரத் தூணிலிருந்து மெல்ல. ஒரு சாண். இன்னொரு சாண். வெற்று இடத்தைச் சுற்றிக்கொண்டு. தொப்பையின்மேல் படிவதுபோல் வளைந்துகொண்டு.

கிளிக்.

மணி நின்றது.

"அப்பாடா. எட்டி மாட்டிவிட்டீங்களா? அதைத்தான் நானும் செய்யலாம்னு இருந்தேன்."

வெல்டாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.   விமான முனையத்தின் விளக்குகள் நெருங்கி வந்தன.

முன்சீட்டுக்கு அடியில் நெம்புகோல் ஒன்று தூக்கப்படும் சத்தம். நீளக் கால்களை நீட்டிக்கொள்ள இடம் தேடுவதுபோல் சீட்டு பின்னால் நகர்ந்தது. ஒரு பல். இரண்டு பல். அவளுடைய முழங்கால்களில் வந்து முட்டியது. அங்கே நின்று, பூட்டிக்கொண்டு, சாய்ந்தது.