பச்சை விளக்குக்குத் தெரியாதது

கடல்மேடையில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு நிமிடம் போதும். காற்றாலைத் தொழிலாளிகள் சோற்றுக்குப் பதிலாக ஆளுக்கொரு குவளை ஊண்நீர் குடிப்பார்கள். ரத்தத்தில் நோய் தேடும் உடல்காப்பான் கருவியில் விரலை வைப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் வேலைக்குப் போவார்கள். வயல்களில் உப்பேறிய பிறகு கரையிலும் இதே கதைதான். மென்று தின்பது கல்யாண வீட்டோடு சரி.

மேடையில் கிரேன் ஓட்டும் பிலோமினா, தங்கை மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி வந்திருந்தாள். இரண்டாவது கவளம் சோறு நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தாள், அதுவும் மேலேறி வந்தது.

"பழக்கம் விட்டுப்போச்சுக்கா, வேறென்ன?" என்றாள் தங்கை.

"பந்தியில எல்லாருக்குந்தான் பழக்கம் விட்டுப்போச்சு. எனக்கு மட்டும் ஏன் நிக்குது?"

மறுநாளே மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் நஸ்ரின் திரையைப் பார்த்தார். "ரத்தத்துல ஒரு தடயமும் இல்லம்மா. எல்லாம் பச்சை."

"ரத்தம் பச்சையா இருக்கட்டும். அடைக்கது குழாயில. உள்ள பாருங்க. பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

கிடங்கில் கிடந்த எண்டோஸ்கோப்பைத் தேடி எடுத்து வரச் செய்தார் நஸ்ரின். உள்ளிருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்கின் சோதனை முடிவு வந்ததும் அவர் எதையும் மறைக்கவில்லை.

"இரைப்பையில வந்த புற்றுநோய், உணவுக்குழாய்க்கு ஏறியிருக்கு. இந்த வகைப் புற்று ரத்தத்துல தடயம் விடாது. முன்னெல்லாம் சோறு அடைச்சதும் ஜனங்க ஓடி வருவாங்க. ஊண்நீர் சந்து கிடைச்சா இறங்கிடுதே, யாருக்குத் தெரியும்?"

"வெட்டி எடுக்கலாமா?"

"வயிறு முழுசும் போகும். குழாயில பாதியும்."

"எடுங்க."

அடுத்த வருடம் பாதி உடம்பாக மேடைக்குத் திரும்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே ரொட்டித் துண்டுகளோடு உணவறை வாசலில் நின்றாள். "ஆளுக்கு ஒண்ணு. என் கண்ணு முன்னால மென்னு முழுங்கணும்."

"இது விதியில இல்லையே," என்றார் மேற்பார்வையாளர்.

"எழுதிக்கிடுங்க. அதுவரைக்கும் நான் நிக்கேன்."

சிரித்துக்கொண்டே விழுங்கினார்கள். வாராவாரம் விழுங்கினார்கள். மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிறன்று, மின்பணியாளன் ரெமிஜியுஸ் வெகுநேரம் மென்றான். விழுங்கியவன் மார்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"யக்கா… இறங்க மாட்டேங்குது."

சிரிப்பு அடங்கியது. பிலோமினா அவன் தோளைப் பற்றினாள்.

"படகை எடுக்கச் சொல்லுங்க," என்றாள் மேற்பார்வையாளரிடம். "நானும் இவன் கூடப் போறேன்."