மூச்சு முட்டிய சுவர்

உச்சி வெயில் நேராக அடித்தும் அந்த வெளிச்சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. கொத்தனார் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரன் முதுகைப்போல வெதுவெதுவென்று, பிசுபிசுவென்று இருந்தது. குழாய் கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் குழாயே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

போன வருஷம் இந்தச் செங்கல் சந்துகளை அடைத்தவரே அவர்தான். பழைய வீடு, சுவர் மூச்சுவிட வேண்டும், சுண்ணாம்புதான் வைக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா படித்துப் படித்துச் சொன்னார். சுண்ணாம்பு காய வாரக்கணக்காகும். சிமெண்ட் மறுநாளே இறுகிவிடும்.

"மூக்கு எங்க இருக்குன்னு காட்டுங்கம்மா, அதை மட்டும் விட்டுட்டு அடைக்கிறேன்" என்று சிரிக்கவைத்தே சிமெண்டை அப்பிவிட்டார்.

ஒரே மழைக்காலம். செங்கற்கள் தோலுரிந்து கொட்டின. அப்பியதையெல்லாம் பெயர்த்தெடுக்க இப்போது வந்திருக்கிறார். துணைக்குத் தங்கையின் புருஷன். தங்கைக்கு எட்டாம் மாதம். தினமும் இந்நேரத்துக்குப் புருஷனை போனில் கூப்பிட்டுவிடுவாள். மாப்பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று காலையில்தான் அவளிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

உளியை வைத்துத் தட்டினார். சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளிருந்து ஈரமண்ணும் பச்சை இறைச்சியும் கலந்த வாடையோடு ஒரு காற்று வந்து, அவர் மீசையைத் தொட்டு, சற்றே நின்று, மெல்லத் திரும்பிப் போனது. உதிர்ந்த தூசியும் அதன் பின்னாலேயே சந்துக்குள் ஊர்ந்து போனது.

"மச்சான், உள்ள யாரோ குறட்டை விடுறாங்க" என்றான் சாரத்தின் மறுகோடியில் நின்ற மாப்பிள்ளை. ஒரு செங்கல்லை முழுசாக உருவிவிட்டு, பொந்துக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"கையை எடு மாப்ள."

"ஈரமா இருக்கு மச்சான். நாக்கு மாதிரி..."

சுவர் மூச்சை இழுத்தது. ஒரு வருஷத்து மூச்சு.

மாப்பிள்ளையின் கை தோள்வரை உள்ளே போய்விட்டது. எலும்பு முறிந்தது, காய்ந்த விறகுபோல. அலறல். கொத்தனார் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தார். ஒரு செங்கல் அகலப் பொந்து. ஓர் ஆள் அதற்குள் போக முடியாது. போய்க்கொண்டிருந்தான்.

மற்றச் சந்துகளைத் திறந்துவிட்டால் இவனை விட்டுவிடும். ஒரு கையில் அவன் கால். மறு கையில் சுத்தியல். அடித்தார். ஒரு சந்து. இன்னொன்று. இன்னொன்று.

இழுப்பு நின்றது.

கையில் கால் மட்டும் இருந்தது.

சுவர் நிதானமாக மூச்சை விட்டது. அவர் திறந்துவிட்ட ஒவ்வொரு சந்திலிருந்தும். சிவப்பாக. சூடாக. அவர் முகமெல்லாம்.

உள்ளே, எங்கோ ஆழத்தில், போன் அடித்தது. யாரோ எடுத்ததுபோல மணி நின்றது.

"என்னங்க, சாப்பிட்டாச்சா?" தங்கையின் குரல், மெலிதாக. "என்ன இப்படி மூச்சு வாங்குது?"

சுவர் மறுபடி உள்ளே இழுக்கத் தொடங்கியது.