மண்ணை வாரித் தூற்றிய வாசகர்

தொண்ணூற்றொன்றில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நெமிலிச்சேரி தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் முனி கோயிலில் சேவல் அறுத்துப் படையல் போட நானும் என் வீட்டுக்காரர் நாகேந்திரனும் போயிருந்தோம். கோயில் என்றால் கூரைகூடக் கிடையாது. ஒரு வேப்பமரம், மஞ்சள் பூசிய கல், மண்ணில் நட்ட அரிவாள், அவ்வளவுதான். உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. மரத்தடியில் மட்டும் இருட்டு அப்பிக் கிடந்தது. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

கற்பூரம் ஏற்றும்போதும் அந்த மனுஷனுக்கு நாவல் பேச்சுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மாத நாவல் கையில் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். அதிலும் விஜயபாரி எழுதியது என்றால், ரயிலில் படித்தபடியே இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிடுவார். அந்த மாதக் கதையில் ஒரு முனி மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்கு வருகிறது. கடைசியில் ஒரு காலேஜ் பெண்ணின் கண்ணீருக்கு இளகி, அரிவாளைக் கூவத்தில் வீசிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுகிறது.

"முனி அயுவுதாம் வடிவு! ஒரு மாசமா காத்துகினு இருந்தேன். நம்ப வெச்சு கயுத்த அறுத்துட்டான் பேமானி!"

"கதைதானேய்யா? வுட்டுத் தள்ளு."

"இன்னாத்த வுடறது? நம்ம எல்லைய காக்குற சாமி. அத்தப் போயி கோமாளி ஆக்கிக்கீறான்!"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் விஜயபாரி நான்தான். பொம்பளை பேர் போட்டால் பேய்க் கதை விற்காது என்று பதிப்பாளர் வைத்த பெயர். அவர் ஷிப்டுக்குப் போனதும் எழுதுவேன். அவர் விஜயபாரியைப் புகழும்போது அடுப்படியில் நின்று பூரித்துப்போவேன். உண்மை தெரிந்தால் புகழ்ச்சி நின்றுவிடும் என்று பயந்துதான் மூச்சு விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நியாயம் கேட்க வழியில்லாதவன் சாமி காலடி மண்ணை வாரித் தூற்றினால் அந்தச் சாபம் பலிக்கும். திரும்ப வாங்க வேண்டுமானால், தூற்றியவனே அந்த மண்ணைத் தின்ன வேண்டும்.

அவர் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினார்.

"யோவ், வாணாய்யா!"

"என் முனிய கேவலப்பட்த்தி எய்துன கையி, வெரல் வெரலா ஒடியட்டும்!"

மண் பறந்தது.

அப்போது காற்றே இல்லை.

என் பிடரியில் சுருட்டு நாற்றம் வந்து மோதியது. நாங்கள் வாங்கி வந்த சுருட்டு இன்னும் பைக்குள்தான் இருந்தது.

யாரோ என் வலது கையைப் பிடித்தார்கள்.

ஆள் தெரியவில்லை. சொரசொரவென்று, கொதிக்கிற பிடி. சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்து, நிதானமாகப் பின்னால் மடக்கியது.

மளுக்.

கத்தினேன். அடுத்து மோதிர விரல். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே வந்தது. ரத்தம் படையல் சோற்றில் தெறித்தது.

"இன்னாடி ஆச்சு? யார்டி உன் கைய..."

"நாந்தான்யா! விஜயபாரி நாந்தான்!"

அவர் வாயைப் பிளந்து நின்ற நேரத்தில் நடுவிரல் போய்விட்டது.

தடாலென்று விழுந்தார். தூற்றிய மண் எது, மற்ற மண் எது, யார் கண்டது? கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் அடைத்தார். கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த ஆணியும் கலந்த மண். நறநறவென்று மென்றார். உதடும் நாக்கும் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"துண்ணுட்டேன் சாமி! எல்லாத்தையும் துண்ணுட்டேன்! அவள வுட்டுடு!"

ஆள்காட்டி விரலும் முறிந்தது. மணிக்கட்டைத் துணி பிழிவது போல் முறுக்கியது. அவர் கல்லில் நெற்றியை மோதி மோதிக் கதறினார். மஞ்சள் கல் சிவப்பாகிவிட்டது. பிடி என் கட்டை விரலுக்கு வந்தது.

அழுத்தியது.

பிறகு விட்டுவிட்டது.

ஆஸ்பத்திரியில் மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கஸ்தூரிதான் எழுதுகிறாள். நாக்கு கிழிந்த அந்த மனுஷன், பாவம், தினம் எனக்குச் சோறு ஊட்டிவிட்டு அழுவார். இனி எழுதவே முடியாதே என்று நானும் அழுவேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம், ஸ்டேஷன் கடையிலிருந்து ஒரு நாவலோடு ஓடி வந்தார். மேலே விஜயபாரி என்று போட்டிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்து முடித்தார். அதில் முனி பட்டணத்துக்குத் திரும்பி வந்து, தெருத் தெருவாகத் தலை அறுத்தது. யாருக்காகவும் அழவில்லை.

"இப்பதான் வடிவு, முனி முனியா கீது!" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். "முன்னாலேயே எய்திக் குட்த்துட்டியா? சொல்லவே இல்லியேடி!"

நான் எழுதவில்லை. கஸ்தூரியைப் பதிப்பாளரிடம் அனுப்பி விசாரித்தேன்.

அடுத்த மாதக் கதையும், சுருட்டு நாற்றம் அடிக்கிற தாளில், வந்து சேர்ந்துவிட்டதாம்.