வீட்டுக்கொரு சரம்

மெல்லுவதற்கு ஒன்றுமே இல்லாத வீட்டில் யாரோ மெல்லும் சத்தம் கேட்டது.

அன்புசெல்வி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டு, கரண்டும் போய், ஈர வலையும் கருவாடும் கலந்த வாடை குப்பம் முழுக்கக் கவிந்து கிடக்க, அந்த வாடைக்கு நடுவே உள்ளறையிலிருந்து அது மெதுவாக வந்தது. கடக். கொஞ்சம் பொறுத்து, கடக். பல்லில் உலோகம் படுகிற சத்தம். அது என்ன சத்தம் என்று தெரியாது என்று சொன்னால் அவள் நாக்கு அழுகிப்போகும்.

பழைய பேட்டரித் தகடுகளைக் கொல்லையில் இரும்புச் சட்டியில் உருக்கி, வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளாக வார்ப்பது அவள் தொழில். புருஷன் சந்திரமோகன் கடலுக்குப் போய்விட்டால் அடுப்பும் பிள்ளையும் அவள் தலையில்தான். மகள் இனியா பல் முளைத்து ஓயாமல் அழுத நாட்களில், ஆறிய குண்டுகளைச் சரமாகக் கோத்துக் கையில் கொடுத்தாள். ஈறுக்கு மெத்தென்று, ஜில்லென்று இருந்தது போலும். பிள்ளை அழுகையை நிறுத்தியது. இது என்ன மாயம் என்று தெருப்பெண்கள் கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கொரு சரம் அவளே கோத்துக் கொடுத்தாள்.

இப்போது இனியாவுக்கு நாலு வயது. கற்ற பேச்செல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் 'அம்மா'வும் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். இன்று காலை பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, பிள்ளையின் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரமாக மையால் இழுத்தாற்போல் ஓடிய நீலக் கோட்டைக் காட்டினார். ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறது, மருந்து இருக்கிறது, வார்டில் சேர்த்தால் செலவில்லை என்றார்.

"எங்கேருந்து வருதுன்னு தெரியணும்மா. அத நிறுத்தாம மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல. கூட வெளையாடுற புள்ளைங்களயும் பாத்துடலாம். யாரும் உங்களத் திட்ட மாட்டாங்க."

"எங்க வூட்டுல அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க," என்றாள் அன்புசெல்வி.

வெட்கம். வேறொன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவது? நாளைக்கு வந்து சேர்க்கிறேன் என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வந்ததும் வராததுமாகச் சட்டி, அச்சு, குண்டு, சரம் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிட்டாள். இனிமேல் யார் வந்து பார்த்தால் என்ன?

கடக்.

செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனாள். இனியா பாயில் ஒருக்களித்துத் தூங்கினாள். தாடை அசையவில்லை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். நாக்கு. பல். எச்சில். வேறெதுவும் இல்லை.

கடக். கடக்.

பிள்ளையின் வாயில் தன் விரல் இருக்கும்போதே கேட்டது.

சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் சரிதாவின் வீடு. சரிதாவின் மகனுக்கு இரண்டு வயது. உன் புண்ணியத்தில் இவன் அழுவதே இல்லை என்று நேற்றுகூட அவள் சொல்லிச் சிரித்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. இனியாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தெரு இருட்டு. சத்தம் சரிதா வீட்டில் மட்டும் இல்லை. எதிர் வீட்டில். அதற்கடுத்த வீட்டில். கடலோரக் கடைசி வீடு வரைக்கும்.

"சரிதா." பக்கத்துக் கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள். "சரிதா, அந்தச் சரத்தப் புடுங்கிப் போடுடி. நான்தான்டி கெடுத்தேன்."

சத்தம் நின்றது. தெரு முழுக்க. ஒரே நேரத்தில்.

வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். வாசல்படிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் இல்லை. யாரும் அழவில்லை. சரம் கொடுத்தவளை அடையாளம் தெரிந்துகொண்டு, எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு வாயிலும் அந்த நீலக் கோடு.

பிறகு, இனியா மறந்துபோன அந்த ஒரு சொல்லை, எல்லோரும் சேர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னார்கள்.

"அம்மா."